கோடு விழாத பெஞ்சு

கல்யாணத்துக்குச் சம்மதம் சொல்ல ஆயிரம் வழி இருக்கிறது. நம் வக்கீல், வாய் நிறைய பிஸ்கட் இருந்த காரணத்தால், தலையை மட்டும் ஆட்டினாள். கேட்ட மருந்துக்கடைக்காரன் அதையே பத்திரத்தில் எழுதிக் கொடுத்ததுபோல எடுத்துக்கொண்டான். பதிவு அலுவலகம், இரண்டு சாட்சிகள், ஒரு கையெழுத்து என்பது திட்டம். ஆலயம் கிடையாது, போதகர் கிடையாது, பாட்டும் கிடையாது.

"உன்கிட்ட எனக்குப் பிடிச்சதே இதுதான். நம்ம ரெண்டு பேருக்கும் ஞாயித்துக்கிழமை காலை சும்மாவே இருக்கும்" என்றான்.

அது புதன்கிழமை. இன்று சனிக்கிழமை. வீட்டில் இன்னும் யாருக்கும் தெரியாது.

வக்கீல் என்பது பட்டப்பெயர்தான். நான்கு வயதில், தூங்கப் போ என்றதற்கு மூன்று காரணம் காட்டி மறுத்தவளுக்கு அப்பா வைத்தது. வயது இப்போது இருபத்தாறு. தொழில், பழைய மரச்சாமான் வாங்கி விற்பது. கடை அப்பா நடத்தியது. முட்டி தேய்ந்த பிறகு சாவியை மகளிடம் கொடுத்துவிட்டு, அவர் ஆலயக் குழுவின் செயலாளர் ஆனார். பேரம் பேசும் வாய் சும்மா இருந்தால் துருப்பிடித்துவிடும் என்பது அவருடைய பயம்.

அப்பாவும் மகளும் எல்லாவற்றிலும் ஒரே அச்சு. ஒன்றில் மட்டும் இல்லை. ஆறு வருடமாக மகள் ஆலயத்துக்குள் காலெடுத்து வைத்ததில்லை. 'மனசில் இல்லாத ஒரு வார்த்தைகூட அந்தக் கட்டிடத்துக்குள் என் வாயில் வராது' என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வெளியேறியவள். வார்த்தை வராத இடத்தில் ஆள் மட்டும் எதற்கு?

இன்று போகவேண்டி வந்துவிட்டது. ஆலயத்துக்கு மெத்தை வைத்த நாற்காலிகள் வருகின்றன. பழைய பெஞ்சுகள் இருபத்திரண்டையும் மொத்தமாக எடுக்கக்கூடிய கடை ஊரில் ஒன்றே ஒன்றுதான். அப்பா முறைப்படி 'அன்புடையீர்' என்று ஆரம்பித்துக் கடைக்குக் கடிதம் எழுதினார். மகள் கடையின் முத்திரை போட்டுப் பதில் எழுதினாள். இரண்டு கடிதங்களும் சாப்பாட்டு மேசையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் பயணம் செய்தன.

காலை பத்து மணிக்கு அவள் ஆலய வாசலில் நின்றாள். ஒரு கையில் டார்ச், மறு கையில் சாக்பீஸ்.

"வாங்க கடைக்காரம்மா" என்றார் அப்பா.

"வணக்கம் செயலாளர் ஐயா."

"வீட்டுல எல்லாரும் சுகமா?"

"காலைல ஒருத்தர் குளியலறையை அரை மணி நேரம் அடைச்சுக்கிட்டார். மத்தபடி சுகம்."

"பாவம், முட்டி வலியா இருக்கும்."

"பாடிக்கிட்டே இருந்தாரே?"

"வலி தெரியாம இருக்கப் பாடியிருப்பார்."

அவள் வாசற்படியில் ஒரு கணம் நின்றதை அப்பா பார்த்தார். பார்க்காததுபோல ஜன்னலைத் திறக்கப் போனார். விற்பவன் முகத்தில் ஆவல் தெரியக் கூடாது.

உள்ளே எதுவும் மாறவில்லை. அதே உயரமான ஜன்னல்கள், அதே மெழுகு வாசனை, இடதும் வலதுமாகப் பதினொன்று பதினொன்றாய்ப் பெஞ்சுகள். பக்கத்து அறையில் தையல் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அம்மா. புது நாற்காலிகளின் மெத்தைகளுக்கு உறை தைக்கும் பொறுப்பு அவளுடையது. அந்த மெஷினுக்கு ஒரு குணம் உண்டு. வெளியே பேச்சு சுவாரசியமானால் அது தானாக நின்றுவிடும்.

வேலை தொடங்கியது. பழைய சாமான் பார்ப்பதற்கு அந்தக் கடையில் ஒரு வழக்கம் இருக்கிறது. ஒரு குறைக்கு ஒரு சாக்பீஸ் கோடு. வாயால் சொன்ன குறையை விற்பவர் வாயாலேயே மறுத்துவிடுவார். கோடு போட்டால் மறுக்க, அதை அழிக்கத் துணியோடு வரவேண்டும். கடைசியில் கோடுகளைப் பார்த்து விலை. இந்த வழக்கத்தைக் கண்டுபிடித்தவர் அப்பாதான். அது தன்மேலேயே பாயும் என்று அன்று நினைத்திருக்க மாட்டார்.

முதல் பெஞ்சு. மூன்று கோடு.

"இது பூச்சி ஓட்டை இல்ல, ஆணி ஓட்டை" என்றார் அப்பா.

"ஆணி எப்போலேர்ந்து குடும்பம் குட்டியோட குடியேறுது?"

இரண்டாவது பெஞ்சு அவர்கள் குடும்பம் வழக்கமாக உட்காரும் பெஞ்சு. அவள் தயங்கவே இல்லை. ஐந்து கோடு.

"அஞ்சா! அம்மா இருபத்தெட்டு வருஷமா உட்கார்ற பெஞ்சும்மா இது."

"ஏழு வந்திருக்கணும். சொந்தக்காரங்கன்னு ரெண்டு விட்டேன்."

"வார்னிஷைப் பாருங்க, வழவழன்னு."

"வார்னிஷ் போயி பல வருஷமாச்சு. இது பிரசங்கம் முடியுமா முடியுமான்னு ஆளுங்க நெளிஞ்சு தேய்ச்ச வழவழப்பு."

பக்கத்து அறையில் மெஷின் நின்றது. ஒரு சிரிப்பை விழுங்கும் சத்தம் கேட்டது. மறுபடி ஓடியது.

இப்படியே போனது. மூட்டு ஆடுகிறது, கோடு. புத்தகப் பலகை விரிசல், கோடு. அடியில் கல்லாகிப்போன சூயிங்கம், அதற்கும் கோடு. "அதைச் சுரண்டிடலாமே" என்றார் அப்பா. "சுரண்டுற கூலி யாருது?" என்றாள் மகள். பதினைந்தாவது பெஞ்சு வருவதற்குள் இருவருக்கும் முகம் மலர்ந்திருந்தது. இந்தக் குடும்பத்தில் பாசம் என்பது பேரமாகத்தான் வெளியே வரும்.

இருபத்திரண்டாவது, வலது வரிசையில் கடைசி, கதவோரம். தாமதமாக வருகிறவர்களும் சீக்கிரம் போகிறவர்களும் உட்காரும் பெஞ்சு. முன்னால் புத்தகப் பலகைகூடக் கிடையாது.

அவள் அதன் முன்னால் குனிந்தாள். டார்ச் அடித்தாள். சாக்பீஸை மரத்தின்மேல் வைத்தாள்.

வைத்த கை நகரவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து நிமிர்ந்து, "இருபத்திரண்டும் முடிஞ்சுது" என்று கை தூசியைத் தட்டினாள்.

அப்பா கோடுகளைச் சரிபார்த்துக்கொண்டே பின்னால் வந்தார். கடைசிப் பெஞ்சில் நின்றார். மூக்குக்கண்ணாடியை ஏற்றினார், இறக்கினார்.

"இதுல ஒரு கோடுகூட இல்லையே?"

"பார்த்தேன். சரியாத்தான் இருக்கு."

அப்பா ஒரே ஒரு விரலால் பெஞ்சின் முனையை அழுத்தினார். டக் என்றது. விட்டார். டக் என்றது. சபைக்கே தெரிந்த சங்கதி அது. அந்தப் பெஞ்சின் பின்னங்கால் விரற்கடை குட்டை. ஒருவர் உட்கார்ந்தால் பக்கத்தில் இருப்பவர் சற்றே உயர்வார். ஆலயத்தில் இருந்த இருபத்திரண்டில் ஆக மட்டமான பெஞ்சு எது என்று கேட்டால் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள்கூடச் சொல்லும்.

கடை நடத்திய நான்கு வருடத்தில் ஒரு பூச்சி ஓட்டையைத் தவறவிடாதவள் ஆடும் காலைத் தவறவிட்டாளா?

அப்பாவின் வியாபார மூளை ஓடியது. மட்டமான சரக்கை வாங்குகிறவன் குறை சொல்லாமல் பாராட்டினால் உள்ளே ஏதோ இருக்கிறது. இழுப்பறையின் அடியில் பழைய நாணயம், கறுப்புச் சாயத்துக்குக் கீழே விலை உயர்ந்த மரம், இப்படி எத்தனை பார்த்திருக்கிறார்! அவர் முனகிக்கொண்டே முட்டி போட்டார். பெஞ்சுக்கு அடியில் தலையை விட்டார்.

"என்ன பண்றீங்க? முட்டி!"

"என்ன மரம்னு பார்க்கிறேன்."

"ஒண்ணும் இல்ல, எந்திரிங்க... அப்பா!"

அன்று காலையிலிருந்து முதல் 'அப்பா'. மெஷின் நின்றது. இந்தத் தடவை நின்றது நின்றதுதான்.

அப்பா வெளியே வந்தபோது கையில் நான்காக மடித்த ஓர் அட்டை இருந்தது. குட்டைக்கால் அடியில் அரைகுறையாக முட்டுக்கொடுத்திருந்தது. நசுங்கி, பழுத்து, இருந்தும் எழுத்து தெரிந்தது. மகளின் கையெழுத்து. அவர் அதைப் பிரித்து, வெளிச்சத்தில் பிடித்து, உரக்கப் படித்தார்.

"'இரங்கும் ஆண்டவரே... இங்கே குரல் தாழணும். அருள் தாரும்... இங்கே மூச்சு விட்டு மூணு எண்ணணும். எங்களைக் கைவிடாதேயும்... இங்கே குரல் உடையணும்.'"

படித்து முடித்துவிட்டு அவர் மகளைப் பார்த்தார். அவள் பெஞ்சைப் பார்த்தாள்.

"வாலிபர் கூட்டத்துல நான் பண்ணின கடைசி ஜெபம்" என்றாள்.

அந்த ஜெபத்தை அப்பா மறக்கவில்லை. இருபது வயதில் அவள்தான் சபையின் நட்சத்திரம். ஒலிபெருக்கி முன்னால் நின்று அவள் ஜெபித்தால் கல்லும் கசியும் என்பார்கள். அன்று முன்வரிசை முழுக்கக் கைக்குட்டையை எடுத்தது. இவரும் எடுத்தார்.

"எல்லாரும் அழுதாங்கப்பா. மூணு எண்ணச் சொல்லி எழுதியிருந்தேன், எண்ணினேன். குரல் உடையணும்னு எழுதியிருந்தேன், உடைஞ்சுது. அந்த நேரத்துல நான் என்ன நினைச்சுக்கிட்டு இருந்தேன் தெரியுமா? கடையில இருந்த அலமாரிக்குப் பழுப்பு பாலிஷா, சிவப்பு பாலிஷான்னு."

அப்பா வாயைத் திறந்தார்.

"பழுப்பு" என்றாள் அவள். "கேட்காதீங்க. அதுக்கப்புறம் எனக்கே பயமாயிடுச்சு. சரக்கே இல்லாம கடை நடத்துறோமேன்னு தோணுச்சு. நான் இப்படின்னா எல்லாருமே இப்படித்தானோன்னு அடுத்த சந்தேகம். முன்னாடி உட்கார முடியல. இங்க வந்து உட்கார்ந்தேன். மூணு ஞாயிறு. இந்த அட்டையை மடிச்சு காலுக்கு அடியில வச்சேன். அதுக்காவது உதவட்டும்னு."

"அப்புறம்?"

"மூணாவது ஞாயிறு எல்லாரும் போனப்புறம், 'நீங்க இருக்கீங்களான்னே தெரியல. எனக்குச் சொல்ல ஒண்ணும் இல்ல'ன்னு சொன்னேன். 'நீர்' இல்ல, 'தாரும்' இல்ல. வீட்டுல பேசுற மாதிரி. சொல்லிட்டு எழுந்து போயிட்டேன். அன்னைக்குத்தான் நம்பிக்கை போச்சுன்னு ஆறு வருஷமா தேதி போட்டு வச்சிருக்கேன்."

அவள் சாக்பீஸை உள்ளங்கையில் உருட்டினாள்.

"இன்னைக்கு இதுல கோடு போடப் போறேன், கை வரல. எல்லாப் பெஞ்சும் குறை சொல்ல வந்துச்சு. நம்ம பெஞ்சுகூட வந்துச்சு. இங்க வரல. ஏன்னா நான் இந்தக் கட்டிடத்துல பண்ணின ஜெபத்துல நிஜமானது அது ஒண்ணுதான். மத்ததெல்லாம் ஷோகேஸ். போச்சுன்னு நான் நினைச்ச நாள்தான்ப்பா ஆரம்பிச்ச நாள்."

அப்பா மெதுவாகப் பெஞ்சில் உட்கார்ந்தார். டக் என்றது.

"அவர் இருக்கார்னு இப்போ எப்படித் தெரியும்?" என்று கேட்டார். செயலாளராகக் கேட்கவில்லை. அவருக்கே பதில் தேவைப்பட்டவர்போலக் கேட்டார்.

வக்கீல் வாதத்தை எடுத்தாள்.

"கடைக்கு வர்றவங்க ரெண்டு வகை. உங்களுக்குத் தெரியாததா? ஒருத்தர் எட்டிப் பார்ப்பார், நல்லா இருக்குன்னு சொல்லுவார், போயிடுவார். போனவர் போனவர்தான். இன்னொருத்தர் கதவைத் திறந்து மூடி, காலைத் தட்டி, கீலைத் திட்டி, நம்ம உயிரை எடுத்துட்டு, வேண்டாம்னு சொல்லிட்டுப் போவார். மறுநாளும் வருவார்."

"வண்டியோட வருவார்" என்றார் அப்பா, தொழில் பக்தி குறையாமல்.

"நான் ஆறு வருஷமா அந்த ரெண்டாவது ஆள். எனக்குத் தெரிஞ்ச ஒருத்தன் இருக்கான். ஆண்டவர் இல்லைன்னு ஒரே வரியில சொல்லிட்டு டீ குடிக்கப் போயிடுவான். அவன் நேர்மையானவன், அவனுக்கு அது போதும். எனக்குப் போதல. பல் தேய்க்கும்போது சண்டை போடுறேன். பஸ்ஸுக்கு நிக்கும்போது சண்டை போடுறேன். அதை ஏன் அப்படி விட்டீங்க, இதுக்கு என்ன பதில்னு. ஆள் இல்லாத கடையில நின்னு எவளாவது ஆறு வருஷம் பேரம் பேசுவாளா? என் கேள்வியெல்லாம் அப்படியேதான் இருக்கு. ஒரு கோட்டைக்கூட அழிக்கல. ஆனா விட்டுட்டுப் போகவும் முடியல."

"டீ குடிக்கிற ஆள் யாரு?"

அம்மா. பக்கத்து அறை வாசலில், கழுத்தில் அளவு நாடாவும் கையில் பாதி தைத்த உறையுமாக.

"அது வேற கேஸ்மா."

"வாய்தா வாங்குறியா? சரி" என்று அம்மா வந்து அப்பாவுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தாள். அப்பா சற்று உயர்ந்தார். மூவரில் யாரும் சிரிக்கவில்லை, ஆனால் சிரிப்பு பக்கத்தில்தான் நின்றது.

"உனக்காக நான் உருகி உருகி ஜெபம் பண்ணியிருப்பேன்னு நினைக்கிறியா?" என்றாள் அம்மா, உறையில் தொங்கிய நூலைக் கடித்தபடி.

"பண்ணாமலா?"

"ஒரு நாளும் இல்ல. ஆரம்பிப்பேன். உன் பேரைச் சொல்லுவேன். அதுக்கு மேல ஒரு வார்த்தை வராது. சரி, பேரைச் சொல்லியாச்சு, மத்தது அவருக்கே தெரியும்னு மெஷின்ல உட்கார்ந்துடுவேன். ஆறு வருஷமா அவ்வளவுதான்."

வக்கீலுக்குப் பதில் வாதம் எதுவும் கிடைக்கவில்லை. வாழ்க்கையில் இது அவளுக்கு இரண்டாவது தடவை. முதல் தடவையும் இதே பெஞ்சில்தான்.

அப்பா கண்ணைத் துடைப்பதற்குப் பதிலாகக் கண்ணாடியைத் துடைத்தார்.

"கடைக்காரம்மா."

"சொல்லுங்க செயலாளர் ஐயா."

"இருபத்தோரு பெஞ்சு உங்க கோட்டுப்படியே. இந்த ஒண்ணு மட்டும் விலை ஏறிடுச்சு."

"ஏறும். ஆசையைக் காட்டிட்டேனே. என்ன விலை?"

"காசு வேண்டாம். பெஞ்சு இங்கேயே இருக்கட்டும், உங்க பேர்ல. விலை வந்து..." அவர் தடுமாறினார். எதற்கும் மூன்று மடங்கு சொல்லி ஆரம்பிக்கிற மனிதர், இந்த ஒரு தடவை முதலுக்கும் கீழே இறங்கினார். "ஞாயித்துக்கிழமை ஒரு பத்து நிமிஷம். கதவு பக்கத்துலதான இருக்கு? நடுவுல எழுந்து போனாலும் யாருக்கும் தெரியாது."

"அரை மணி" என்றாள் மகள்.

"ரொம்ப அதிகம்மா. கால் மணி போதும்."

"முழு ஆராதனை."

"போதகர் நீளமாப் பேசுவார், உனக்குத் தெரியாது."

"முழு ஆராதனை. கடைசி விலை. ஆனா என்னை மேல ஏத்தி ஜெபம் பண்ணச் சொல்லக் கூடாது. யாரும் கையைப் பிடிச்சுக்கிட்டு அழக் கூடாது. முக்கியமா நீங்க."

"முதல் ரெண்டும் சரி" என்றார் அப்பா. "மூணாவதுக்கு நான் பொறுப்பில்ல."

விற்பவர் இறக்க, வாங்குபவள் ஏற்ற, அந்தக் குடும்பத்தில் அப்படி ஒரு பேரம் அதுவரை நடந்ததில்லை. அம்மா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். "வெளியே சொல்லாதீங்க, கடைப் பேர் கெட்டுப்போயிடும்" என்று உறையை உதறிக்கொண்டு எழுந்தாள். சற்று நேரத்தில் மெஷின் ஓட ஆரம்பித்தது. வழக்கத்தைவிட வேகமாக.

மூன்று மணிக்கு லாரி வந்தது. ஏற்றுகிறவர்கள் ஆறு பேர், சாக்பீஸ் கோடு போட்ட பெஞ்சுகளாகப் பார்த்து வெளியே தூக்கினார்கள். கோடு இல்லாததை விட்டுவிட்டார்கள். யாரும் அவர்களுக்குச் சொல்லவேண்டி இருக்கவில்லை.

வெறுமையான தரையில் கடைசிப் பெஞ்சு மட்டும் நின்றது. அப்பா அந்த அட்டையை நீட்டினார்.

"இதை என்ன பண்றது? கிழிச்சிடவா?"

"வேண்டாம்ப்பா. இருந்த இடத்துலேயே வச்சிடுங்க. பெஞ்சாவது நிக்கட்டும்."

அப்பா அட்டையைக் குட்டைக்கால் அடியில் செருகிவிட்டு, லாரிக்காரரிடம் கூலி பேச வெளியே போனார். அவர் குரல் உடனே பழைய சுருதிக்கு வந்தது. அவள் பெஞ்சில் உட்கார்ந்தாள். லேசாக ஆடியது. உயர ஜன்னலிலிருந்து வெயில் தரையில் நீளமாக விழுந்திருந்தது.

அவள் குரலைத் தாழ்த்தவில்லை. மூன்று எண்ணவில்லை.

"வந்துட்டேன்" என்றாள். "கேள்வியெல்லாம் கையோட கொண்டு வந்திருக்கேன். நாளைக்குப் பேசலாம்."

அவ்வளவுதான் ஜெபம். ஆனால் எழுந்திருக்க மனம் வரவில்லை. ஆறு வருடமாக ஒரே ஆளாகப் பேசிக்கொண்டிருந்த வழக்கில் எதிர்த்தரப்பு வந்து பக்கத்தில் அமைதியாக உட்கார்ந்ததுபோல இருந்தது. எதிர்த்தரப்பு என்றுகூட இனிச் சொல்ல முடியாது என்றும் தோன்றியது.

பையில் போன் அடித்தது. மருந்துக்கடைக்காரன்.

"வக்கீல், நல்ல சேதி. நமக்கு ஒரு வீடு பார்த்திருக்கேன். மாடி, ரெண்டு பக்கமும் காத்து. வீட்டுக்காரர் நாளைக்குக் காலைல ஒன்பது மணிக்கு வந்து பார்க்கச் சொல்லியிருக்கார். உனக்குத்தான் ஞாயித்துக்கிழமை காலை எப்பவும் சும்மாவாச்சே?"

அவள் வாசலைப் பார்த்தாள். உள்ளே ஓடிக்கொண்டிருந்த மெஷினைக் கேட்டாள். தலைவலி, கடை வேலை, அம்மாவுக்கு உடம்பு சரியில்லை: நாக்கு நுனியில் மூன்று பொய் வரிசையில் நின்றன. நல்ல சரக்கு. ஒன்றையும் எடுக்கவில்லை.

"நாளைக்குக் காலைல சும்மா இல்ல. இனிமே எந்த ஞாயித்துக்கிழமையும் சும்மா இல்லன்னு நினைக்கிறேன்."

மறுமுனையில் யாருக்கோ மாத்திரை எண்ணிக்கொண்டிருந்த சத்தம் நின்றது.

"என்ன சொல்ற?"

"போன்ல சொல்ற விஷயம் இல்ல. அரை மணியில கடைக்கு வர்றேன், நேர்ல சொல்றேன்."

"இப்பவே சொல்லேன். நின்னுக்கிட்டேதான் இருக்கேன், கேட்கிறேன்."

"நிக்காத" என்றாள் அவள், எழுந்து பைக்குள் சாக்பீஸைப் போட்டபடி. "உட்காரு. ஆடாத நாற்காலியாப் பார்த்து உட்காரு."